ஒருவரும் விற்காத பொருளை எடுத்தால் களவா?

பெரியப்பா காலமாகி ஆறு மாதத்தின் பின் பெரியம்மா ஒரு சப்பாத்துப் பெட்டியை என்னிடம் தந்தார். உள்ளே இருபத்தேழு இறுவட்டுகள். "உன்ர பெரியப்பா விடிய விடிய இருந்து அடிச்சது தம்பி. எறிய மனம் வரேல்லை" என்றார்.

ஜேர்மனியில் நாங்கள் இருக்கும் நகரத்துத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு மலரைப் பன்னிரண்டு வருடங்களாகக் கணினியில் வடிவமைத்தவர் அவர். பிள்ளைகளின் கட்டுரைகளோடு, இங்கு வந்து சேர்ந்த முதியவர்களிடம் கேட்டு எழுதிய ஊர் நினைவுகளும் அவற்றில் வரும். அச்சில் இடம் போதாமல் விட்டவை இறுவட்டில் முழுமையாக இருக்கின்றன என்று அடிக்கடி சொல்லுவார். அந்த முதியவர்களில் பலர் இன்று இல்லை.

எல்லாம் பாமினி எழுத்துருவில், பேஜ்மேக்கரில் செய்தவை. காசு கொடுத்து வாங்கிய பேஜ்மேக்கர் இறுவட்டு உறையோடு பெட்டிக்குள் இருந்தது. ஆனால் அந்தப் பழைய பதிப்பை ஓட்ட அந்தக் காலத்து விண்டோஸ் 98 வேண்டும். அவருடைய கணினி குப்பைக்குப் போய்க் கனகாலம்.

பதினேழு வயது மகன் இரண்டு நிமிடத்தில் வழி கண்டுபிடித்தான்.

"அப்பா, இஞ்ச சும்மா கிடக்குது. இறக்கட்டா?"

"அது களவெல்லோ?"

"ஒருத்தரும் விக்காத சாமானை எடுத்தா எப்பிடிக் களவாகும்? ஆருக்கு நட்டம்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. அன்றிரவு இருந்து தேடிப் படித்தேன்.

மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் 98இற்கான ஆதரவை 2006 ஜூலையில் நிறுத்தியது. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலில். ஆதரவு முடிந்தது என்றால் இனித் திருத்தங்கள் வராது என்பதுதான் பொருள். உரிமை போய்விட்டது என்று பொருள் அல்ல. 'கைவிடப்பட்ட மென்பொருள்' என்று இணையத்தில் எழுதுகிறார்கள், சட்டத்தில் அப்படி ஒரு வகை இல்லை. அமெரிக்கச் சட்டப்படி நிறுவனம் ஒன்றின் படைப்புக்கு வெளியான நாளிலிருந்து 95 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. விண்டோஸ் 98இற்கு அது 2093 வரை போகும். ஜேர்மனியிலோ, சேர்ந்து எழுதியவர்களில் கடைசியாக இறப்பவருக்குப் பின் 70 ஆண்டுகள். அதற்குள் பெரியப்பாவின் இறுவட்டு மட்டுமல்ல, மகனின் பேரப்பிள்ளைகளும் கிழடாகிவிடுவார்கள்.

இந்த நாட்டில் பிள்ளைகள் படம் இறக்கி, சட்டத்தரணியின் கடிதம் வீட்டுக்கு வந்த கதை எங்களில் பலருக்குத் தெரியும். டொரண்டில் இறக்கும்போதே நாங்கள் மற்றவர்களுக்கும் பகிர்கிறோம், சிக்கல் அதில்தான். பழைய விண்டோஸுக்காக ஒருவரும் கடிதம் அனுப்பமாட்டார்கள் என்று மகன் சொன்னான். இருக்கலாம். ஆனால் பிடிபடமாட்டோம் என்பது வேறு, சரி என்பது வேறு.

அதேநேரம் அவனுடைய கேள்வியில் நியாயமும் இருக்கிறது. உரியவர் விற்கவும் மாட்டார், கொடுக்கவும் மாட்டார், பிறர் எடுக்கவும் கூடாது என்றால், அந்தப் பூட்டுக்குள் இருப்பது அவருடைய மென்பொருள் மட்டுமா? பெரியப்பாவின் எழுத்தும் அதற்குள்தானே கிடக்கிறது?

பூட்டைத் திறந்தவர்களும் உண்டு. எம்எஸ்-டோஸின் ஆரம்பப் பதிப்புகளின் மூல நிரலை மைக்ரோசொஃப்டே 2018இலும், நான்காம் பதிப்பினதை 2024இலும், எவரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு வெளியிட்டது. அதனால் அந்த நிறுவனம் முழுகிப்போகவில்லை. அமெரிக்காவில், சந்தையில் கிடைக்காத மென்பொருளைப் பேணுவதற்காக அதன் பாதுகாப்புப் பூட்டை உடைக்க நூலகங்களுக்கும் ஆவணக் காப்பகங்களுக்கும் 2018இல் விலக்கு அளித்தார்கள். வீட்டில் சப்பாத்துப் பெட்டியோடு இருக்கும் என்னைப் போன்றவருக்கு அந்த விலக்கு இல்லை.

ஆனால் ஒரு நேர்வழி இருந்தது. கணினியோடு சேர்த்து விற்கப்படும் விண்டோஸ் பிரதியைத் தனியாக மறுவிற்பனை செய்யலாம் என்று ஜேர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றம் 2000 ஜூலையில் தீர்ப்பளித்தது. பயன்படுத்திய மென்பொருள் உரிமத்தை, தன்னிடம் இருப்பதை அழித்துவிட்டு விற்கலாம் என்பதை 2012இல் ஐரோப்பிய நீதிமன்றமும் உறுதிசெய்தது. மூன்றாவது ஞாயிறு பழைய சாமான் சந்தையில், சான்றிதழும் இலக்கமும் உள்ள விண்டோஸ் 98 இறுவட்டு பன்னிரண்டு யூரோவுக்குக் கிடைத்தது. கணினிக்குள் கணினியாக அதை நிறுவினோம், இணையத்தோடு இணைக்கவில்லை. திருத்தம் வராத பழைய விண்டோஸை வலையில் விடுவது வீட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போவது மாதிரி. ஆரோ பதிவேற்றிய பிரதியில் என்ன ஒளிந்திருக்கிறது என்ற பயமும் எங்களுக்கு இருக்கவில்லை.

"பன்னிரண்டு யூரோ ஆருக்குப் போச்சு? மைக்ரோசொஃப்டுக்கா?" என்று மகன் சிரித்தான். இல்லைத்தான். ஆனால் எங்கட எழுத்தாளர் ஒருவர் கைக்காசு போட்டு ஐந்நூறு பிரதி அடித்த புத்தகத்தைப் பிடிஎஃப் ஆக்கி வட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களும் "கடையில கிடைக்கேல்லை, அதுதான்" என்றே சொல்கிறார்கள். அங்கே பிழை என்று சொல்லும் நான், இங்கே சரி என்று எப்படிச் சொல்ல? நேர்வழி இருக்கும்போது அதில் போக வேண்டும். வழியே இல்லாத இடத்தில், சொந்தக் கோப்பைத் திறக்க ஒருவர் பழைய பிரதியை இறக்கினால் சட்டம் அவர் பக்கம் நிற்காது. நான் அவரைக் கள்ளன் என்று சொல்லமாட்டேன். விற்பனையை நிறுத்திய இயங்குதளத்தைச் சொந்தத் தேவைக்குத் திறந்துவிடும் கடமை நிறுவனங்களுக்கு இருக்க வேண்டும் என்று கேட்பேன்.

இருபத்தேழில் மூன்று இறுவட்டுகளைக் கணினி வாசிக்கவேயில்லை. மற்றவை திறந்தன. முதல் மலரில், 1983இல் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய் இறங்கிய ஒரு அம்மாவின் கதை, அச்சில் ஒரு பக்கமாய் வந்தது, இங்கே ஒன்பது பக்கம். மகன் பாமினியை யூனிகோடுக்கு மாற்ற, நான் பிழை பார்க்கிறேன். முடிந்ததும், எழுதியவர்களின் குடும்பங்களிடம் சம்மதம் கேட்டு, நூலகம் இணையத்தளத்துக்குக் கொடுக்க நினைத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டு நிலவறையிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கும். கோயில் மலர், சங்கக் கணக்கு, அப்பா எழுதிய கடிதம். விண்டோஸ் 10 இற்கும் 2025 ஒக்ரோபரில் ஆதரவு முடிந்துவிட்டது. பழைய கணினியை எறிய முதல் அதற்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதோடு வந்த இறுவட்டையும் இலக்கத்தையும் எடுத்து வையுங்கள். அந்த மூன்று இறுவட்டில் என்ன இருந்தது என்று சொல்ல பெரியப்பா இப்போது இல்லை.