பிளவுண்ட கண்டம் – 6: ஒரு நாடு, இரு நாணயங்கள்

போருக்குப் பிந்தைய ஐரோப்பாவின் பிரிவினையை யால்ட்டா மாநாட்டு மேசையில் மூன்று தலைவர்கள் வரைந்த கோடாகவே எண்ணும் வழக்கம் பரவலாக இருந்தாலும், ஜெர்மனியைப் பொறுத்தவரை அந்தக் கோடு யால்ட்டாவுக்கு முன்பே வரையப்பட்டுவிட்டது. எந்தப் படை எந்தப் பகுதியை ஆள்வது என்பதை லண்டனில் இயங்கிய ‘ஐரோப்பிய ஆலோசனைக் குழு’ 1944 செப்டம்பர் 12 அன்று ஒப்பந்தமாக எழுதி முடித்தது. அமெரிக்க முன்னணிப் படையினர் ஜெர்மன் மண்ணில் முதன்முதலாகக் கால் வைத்ததே அதற்கு முந்தைய நாள்தான். 1945 பிப்ரவரியில் யால்ட்டாவில் கூடிய ரூஸ்வெல்ட், சர்ச்சில், ஸ்டாலின் மூவரும் அந்த ஏற்பாட்டுடன் சேர்த்த முக்கியமான மாற்றம், பிரிட்டிஷ், அமெரிக்கப் பங்குகளிலிருந்து வெட்டியெடுத்து பிரான்சுக்கும் ஒரு பகுதி தருவது என்பதே. இப்பகுதிகளுக்கு ‘மண்டலங்கள்’ என்று பெயர். தோற்ற நாட்டில் ஒரு பொது அரசு அமையும்வரை நிர்வாகத்தைப் பங்கிட்டுக்கொள்வதற்கான தற்காலிக ஏற்பாடுகளாகவே அவை கருதப்பட்டன. சாக்சனியையும் துரிங்கியாவையும் போரிட்டுப் பிடித்திருந்த அமெரிக்கப் படை 1945 ஜூலையில் அவற்றைச் சோவியத் படையிடம் விட்டுவிட்டுப் பின்வாங்கியதும், அதே நாட்களில் மேற்கத்தியப் படைகள் சோவியத் மண்டலத்தின் நடுவே இருந்த பெர்லினில் தமக்குரிய பகுதிகளுக்குள் நுழைந்ததும், அந்தக் கோட்டை அன்று எல்லோரும் மதித்தார்கள் என்பதையும், அதை ஒரு நாட்டின் எல்லையாக எவரும் எண்ணவில்லை என்பதையும் ஒருசேரக் காட்டுகின்றன.

தற்காலிகக் கோடு நிரந்தர எல்லையாக இறுகியதன் தொடக்கத்தை, 1945 ஜூலை 17 முதல் ஆகஸ்ட் 2 வரை நடந்த போட்ஸ்டாம் மாநாட்டின் தீர்மானங்களுக்குள் இருந்த ஒரு முரண்பாட்டில் தேடலாம். ஜெர்மனியை ஒரே பொருளாதார அலகாக நடத்துவது என்று அம்மாநாடு ஒருபுறம் முடிவு செய்தது. மறுபுறம், போர் இழப்பீட்டை, அதாவது தோற்ற நாடு வென்ற நாடுகளுக்குப் பணமாகவோ பொருளாகவோ இயந்திரங்களாகவோ தரவேண்டிய ஈட்டை, ஒவ்வொரு வல்லரசும் தன் மண்டலத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்றும் ஒப்புக்கொண்டது. மேற்கு மண்டலங்களில் கழற்றப்படும் தொழிற்சாலைக் கருவிகளில் 10 சதவீதத்தை இலவசமாகவும், 15 சதவீதத்தை உணவு, நிலக்கரி முதலியவற்றுக்கு ஈடாகவும் சோவியத் ஒன்றியம் பெறும் என்பது இதற்கான பிற்சேர்க்கை. இந்த இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று முறித்துப்போடக்கூடியவை என்பது விரைவிலேயே தெரிந்தது. சுமார் 2.7 கோடி மக்களை இழந்து, மேற்குப் பகுதி முழுவதும் சாம்பலாகிக் கிடந்த சோவியத் ஒன்றியம், தண்டவாளங்கள் உட்படத் தன் மண்டலத்தில் கழற்ற முடிந்தவற்றையெல்லாம் கழற்றிக் கிழக்கே கொண்டுசென்றது. அந்தப் பசியை மாஸ்கோவின் சூழ்ச்சி என்று மட்டும் வாசிப்பவர்கள் அழிவின் அளவைக் கணக்கில் எடுக்காதவர்கள். மேற்கே நிலைமை நேர்மாறாக இருந்தது. ரூர் பகுதியின் சுரங்கங்களையும் ஆலைகளையும் கொண்டிருந்த பிரிட்டிஷ் மண்டலம் தனக்கு வேண்டிய தானியத்தை விளைவிக்க முடியாததாக இருந்ததோடு, கிழக்கிலிருந்து துரத்தப்பட்ட லட்சக்கணக்கான ஜெர்மானியர்களுக்கும் சோறு போடவேண்டியிருந்தது. போர்க்காலத்தில்கூட ரொட்டிக்குப் பங்கீடு விதிக்காத பிரிட்டன், 1946 ஜூலையில் தன் சொந்த மக்களுக்கே அதை விதிக்க நேர்ந்ததற்கு இந்தச் சுமையும் ஒரு காரணம். ஒருவர் கறக்கும் மாட்டுக்கு மற்றவர் தீனி போடுவதா என்ற கேள்வி எழுந்த நிலையில், அமெரிக்க மண்டலத்தின் துணை ஆளுநர் லூசியஸ் கிளே 1946 மே மாதத்தில் தம் மண்டலத்திலிருந்து இழப்பீட்டுப் பொருட்கள் செல்வதை நிறுத்தினார். 1947 ஜனவரி 1 முதல் அமெரிக்க, பிரிட்டிஷ் மண்டலங்களின் பொருளாதாரம் ‘இருமண்டலம்’ என்ற பெயரில் ஒன்றாக இணைக்கப்பட்டது.

அந்த ஆண்டில் வெளியான மார்ஷல் உதவித் திட்டமும், அதை ஏற்க முன்வந்த பிராகை மாஸ்கோ தடுத்ததும், 1948 பிப்ரவரியில் அங்கே கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றியதும் சென்ற இதழில் விரிவாகக் கூறப்பட்டுவிட்டன. மேற்கு ஜெர்மனியின் நிலக்கரியும் எஃகும் இல்லாமல் மேற்கு ஐரோப்பா எழுந்து நிற்காது என்பது அத்திட்டத்தின் அடிப்படை. பெறுமதியற்ற நாணயத்தை வைத்துக்கொண்டு அந்த நிலக்கரியையும் எஃகையும் சந்தைக்குக் கொண்டுவர முடியாது என்பது அதிலிருந்து கிளைத்த அடுத்த சிக்கல்.

நாஜி அரசு விலைகளையும் கூலியையும் சட்டத்தால் உறையவைத்துவிட்டு, போர்ச் செலவுக்காக ‘ரைஷ்மார்க்’ நோட்டுகளைப் பெருக்கியிருந்தது. போருக்குப் பின் வந்த ராணுவ ஆட்சிகளும் அதே விலைக் கட்டுப்பாட்டைத் தொடர்ந்ததால், மக்களிடம் நோட்டு இருந்தும் கடையில் சரக்கு இல்லாத நிலை நீடித்தது. உழவரும் உற்பத்தியாளரும் சரக்கைப் பதுக்கினர். நகரவாசிகள் வீட்டுப் பொருட்களை மூட்டை கட்டிக்கொண்டு கிராமங்களுக்குச் சென்று உருளைக்கிழங்குக்கு மாற்றினர். கள்ளச் சந்தையில் அமெரிக்க சிகரெட் நாணயமாகவே புழங்கியது. போதாக்குறைக்கு, படைகளின் செலவுக்கென அச்சிடப்பட்ட ‘நேச ராணுவ மார்க்’ நோட்டுகளின் அச்சுத் தகடுகளை அமெரிக்கா 1944-இல் சோவியத் ஒன்றியத்துக்கும் கொடுத்திருந்தது. நிலுவைச் சம்பளத்தைச் சோவியத் வீரர்கள் கட்டுக்கட்டாக அந்த நோட்டுகளில் பெற்றனர். ஆகவே புதிய நாணயம் பற்றி நான்கு வல்லரசுகளின் பொது அமைப்பான ‘நேசக் கட்டுப்பாட்டுக் குழு’வில் பேச்சு நடந்தபோது, நோட்டுகளைப் பெர்லினிலும், சோவியத் மண்டலத்தில் இருந்த லைப்சிக்கிலும் அச்சிடலாம் என்ற மாஸ்கோவின் யோசனையை அமெரிக்கா ஏற்கவில்லை, நால்வர் கண்காணிப்பில் பெர்லினில் மட்டுமே அச்சிடவேண்டும் என்று அது பிடிவாதமாக நின்றது. அச்சகம் எங்கே என்ற, வெளிப்பார்வைக்கு அற்பமான இந்தத் தகராறுக்குள், நாட்டின் கருவூலம் யார் கையில் என்ற கேள்வியே ஒளிந்திருந்தது. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே அமெரிக்கா தன் நாட்டில் ரகசியமாக அச்சிட்ட நோட்டுகள் பிரெமர்ஹாஃபன் துறைமுகத்துக்குக் கப்பலில் வந்து சேர்ந்தன. மேற்கு ஜெர்மனிக்குத் தனி அரசு அமைப்பது பற்றி லண்டனில் நடந்த பேச்சை எதிர்த்து, சோவியத் ஆளுநர் சொக்கலோவ்ஸ்கி 1948 மார்ச் 20 அன்று கட்டுப்பாட்டுக் குழுவிலிருந்து வெளியேறினார்.

1948 ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை, மூன்று மேற்கு மண்டலங்களிலும் ‘டாய்ச் மார்க்’ புழக்கத்துக்கு வந்தது. ஒவ்வொருவருக்கும் முதலில் 40 மார்க்கும் பின்னர் 20 மார்க்கும் வழங்கப்பட்டன. கூலி, வாடகை, ஓய்வூதியம் ஆகியவை ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் மாற்றப்பட்டன. வங்கியில் இருந்த சேமிப்போ முடிவில் 100 பழைய மார்க்குக்கு ஆறரைப் புதிய மார்க் என்ற அளவுக்குச் சுருங்கியது. இருமண்டலப் பொருளாதார நிர்வாகத்தின் தலைவர் லுட்விக் எர்ஹார்ட் அதே நாட்களில் பல பொருட்களின் விலைக் கட்டுப்பாட்டையும் நீக்கியதால், மறுநாளே கடைகளின் கண்ணாடி அலமாரிகள் நிரம்பிவிட்டன என்பது மேற்கு ஜெர்மனியில் காலங்காலமாகச் சொல்லப்பட்டுவந்த கதை. அந்தச் சரக்கில் பெரும்பகுதி மாதக்கணக்கில் பதுக்கப்பட்டிருந்தது என்பதும், சிறு சேமிப்பாளர் கைப்பணத்தை இழந்தபோது நிலமும் ஆலையும் வைத்திருந்தோர் ஏறக்குறைய முழுமையாகத் தப்பினர் என்பதும், விலையேற்றத்தை எதிர்த்து அந்த நவம்பர் 12 அன்று இருமண்டலத்தில் பொது வேலைநிறுத்தமே நடந்தது என்பதும் அக்கதையில் இடம்பெறுவது குறைவு.

மேற்கில் செல்லாக்காசான ரைஷ்மார்க், இன்னும் செல்லுபடியாகும் கிழக்கு மண்டலத்தை நோக்கிப் பாயும் என்பதால் சோவியத் நிர்வாகம் வாளாவிருக்க முடியவில்லை. புதிய நோட்டு தயாராக இல்லாத நிலையில், பழைய நோட்டுகளின் மேல் சிறு சீட்டு ஒட்டி ஜூன் 23 அன்று தனக்கென ஒரு நாணயத்தை அது அறிவித்தது. சுவர்த்தாள் போல ஒட்டப்பட்ட அந்த நோட்டை மக்கள் ‘சுவர்த்தாள் மார்க்’ என்று கேலி செய்தனர். அந்த நாணயமே பெர்லின் முழுவதும் செல்லும் என்று சோவியத் ஆணை கூற, மேற்கு வல்லரசுகள் நகரின் தங்கள் பகுதிகளில் ‘பி’ என்ற எழுத்து முத்திரையிட்ட டாய்ச் மார்க்கை வெளியிட்டன. ஜூன் 24 அன்று மேற்கு பெர்லினுக்குச் செல்லும் சாலை, ரயில், நீர்வழிப் பாதைகள் அடைக்கப்பட்டன.

முற்றுகையில் சிக்கியோர் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர். மேற்கு வல்லரசுகளின் பலவீனம் ஆவணத்தில் இருந்தது: சாலை வழியாகவும் ரயில் வழியாகவும் பெர்லினுக்குச் செல்லும் உரிமையை அவை 1945-இல் எழுத்தில் பெறவில்லை. ஒவ்வொன்றும் 32 கிலோமீட்டர் அகலமுள்ள மூன்று வான் பாதைகளுக்கு மட்டும், அந்த ஆண்டு நவம்பரில், விமானங்கள் மோதிக்கொள்ளாமல் தடுக்கும் பாதுகாப்பு ஏற்பாடாக, எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இருந்தது. தரைவழியை அடைப்பதற்குப் பழுதுபார்ப்பு என்று சாக்குச் சொல்ல முடிந்த சோவியத் தரப்பு, வான்வழியை அடைக்கவேண்டுமானால் விமானத்தைச் சுட்டு வீழ்த்தி முதல் குண்டின் பழியை ஏற்கவேண்டும். அமெரிக்கா ஜூலையில் பி-29 குண்டுவீச்சு விமானங்களைப் பிரிட்டனுக்கு அனுப்பி மிரட்டியது. அணுகுண்டைச் சுமக்கத் தக்கவாறு மாற்றியமைக்கப்படாத விமானங்கள் அவை.

எனவே மேற்கு வல்லரசுகள் நகருக்கு வேண்டிய சரக்கை விமானங்களில் கொண்டுசென்றன. ‘வான்பாலம்’ எனப்பட்ட இந்த விநியோகத்தை ஓர் ஆலையின் ஒழுங்குக்குக் கொண்டுவந்த ஜெனரல் வில்லியம் டன்னர் அந்தத் தொழிலைக் கற்ற களம் இந்தியா. போரின் பிற்பகுதியில் அஸ்ஸாமின் விமானத் தளங்களிலிருந்து இமயமலைத் தொடரைக் கடந்து சீனாவுக்குச் சரக்குக் கொண்டுசென்ற விமானப் பிரிவுக்கு அவர் தலைமை வகித்திருந்தார். டெம்பல்ஹோஃப், காட்டோவ் ஆகிய நிலையங்களோடு, பிரெஞ்சுப் பகுதியின் டேகலில் மூன்றே மாதங்களில் ஒரு புதிய நிலையமும் அமைந்தது. ஏறத்தாழ 2,77,000 பயணங்களில் 23 லட்சம் டன் சரக்கு இறங்கியது. அதில் மூன்றில் இரண்டு பங்கு உணவன்று, நிலக்கரி. கிழக்குப் பகுதியில் பதிவு செய்துகொண்டால் அங்கே உணவுப் பங்கீடு தரப்படும் என்ற சோவியத் அழைப்பை மேற்கு பெர்லின்வாசிகளில் மிகச் சிறு பகுதியினரே ஏற்றனர். மறுபுறம், ரூரின் நிலக்கரியும் எஃகும் கிழக்கு மண்டலத்துக்குச் செல்வதை மேற்கு வல்லரசுகள் தடுத்த எதிர்முற்றுகை, வான்பாலத்தின் புகழுக்குள் மறைந்துபோன ஒன்றானாலும், 1949 மே 12 அன்று ஸ்டாலின் முற்றுகையை நீக்கியதில் அதற்கும் கணிசமான பங்குண்டு.

அதற்குள் பிரிவினை பெர்லின் நகராட்சி வரைக்கும் இறங்கிவிட்டிருந்தது. 1948 நவம்பர் 30 அன்று கிழக்கில் தனி நகர நிர்வாகம் அமைந்தது. டிசம்பர் 5 அன்று மேற்குப் பகுதியில் மட்டும் தேர்தல் நடந்து எர்ன்ஸ்ட் ராய்ட்டர் மேயரானார். 1949 மார்ச் 20 முதல் டாய்ச் மார்க் அங்கே ஒரே சட்டபூர்வ நாணயமானது. மே 23 அன்று மேற்கு ஜெர்மனியின் அடிப்படைச் சட்டமும், அக்டோபர் 7 அன்று கிழக்கு ஜெர்மனி என்ற அரசும் வெளிவந்தன. பெர்லின் சுவர் எழுந்த 1961-க்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நாடு இரண்டாகிவிட்டிருந்தது.

வல்லரசுகளின் பகை இருந்தாலே பிரிவினை தவிர்க்க முடியாதது என்று இதிலிருந்து முடிவுகட்ட ஆஸ்திரியா இடம்கொடுக்கவில்லை. அந்நாடும் நான்கு மண்டலங்களாகப் பங்கிடப்பட்டது. வியன்னாவும் பெர்லினைப் போலவே சோவியத் மண்டலத்தின் நடுவே நால்வரால் ஆளப்பட்டது. ஆனால் அங்கே 1945-லேயே கார்ல் ரென்னர் தலைமையில் நாடு முழுமைக்கும் ஒரே அரசை நால்வரும் ஏற்றிருந்தனர். இன்னும் முக்கியமானது 1946 ஜூன் 28 அன்று கையெழுத்தான கட்டுப்பாட்டு உடன்படிக்கை. ஜெர்மனியின் கட்டுப்பாட்டுக் குழுவில் எதையும் செய்வதற்கு நால்வரின் சம்மதம் தேவைப்பட்டது. ஆஸ்திரியாவிலோ, அரசமைப்புச் சட்டங்கள் நீங்கலாக, அந்நாட்டு நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்தைத் தடுப்பதற்குத்தான் நால்வரும் சேர்ந்து எதிர்க்கவேண்டும் என்றும், 31 நாட்களுக்குள் அப்படி எதிர்க்காவிட்டால் சட்டம் செல்லும் என்றும் விதிக்கப்பட்டது. ஒருவரின் மறுப்பு ஜெர்மனியை முடக்கியது. ஆஸ்திரியாவில் ஒருவரின் மறுப்புக்குப் பயனில்லை. 1947 இறுதியில் ஷில்லிங் நாணயச் சீர்திருத்தம் நான்கு மண்டலங்களிலும் ஒருசேர நடந்ததற்கும், மார்ஷல் உதவியில் நாடு முழுவதும் ஒரே நாடாகப் பங்கேற்றதற்கும் இந்த ஏற்பாடு வழிவிட்டது. ஆஸ்திரியா சிறிய நாடு, ரூர் போன்ற தொழில் வளமோ ஏழு கோடி மக்களோ அங்கே பணயமாக இல்லை என்ற எதிர்வாதம் வலுவானதே. ஆயினும் பணயம் சிறிதாக இருந்தது மட்டும் காரணமாயின், அதனினும் ஏழ்மையான கொரியாவும் பிரியாமல் இருந்திருக்கவேண்டும்.

1955 மே 15 அன்று வியன்னாவில் கையெழுத்தான ஒப்பந்தப்படி நான்கு படைகளும் ஆஸ்திரியாவை விட்டு வெளியேறின. ஆனால் ஹங்கேரியிலும் ருமேனியாவிலும் சோவியத் படைகள் தங்குவதற்கு 1947-ஆம் ஆண்டின் அமைதி உடன்படிக்கைகள் தந்திருந்த உரிமை, ஆஸ்திரியாவிலிருந்த படைக்குத் தொடர்புப் பாதையைக் காப்பது என்ற காரணத்தின் மேல் நின்றது. அந்தக் காரணத்தை இல்லாமலாக்கும் வியன்னா ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு ஒரு நாள் முன்பாக, மே 14 அன்று, வார்சா ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் நிழலில் புடாபெஸ்ட்டில் தங்கிய படைகளின் வரலாறு அடுத்த இதழில்.