மின்கலத்தின் ஆயுளை அளந்தறிதல்

அளவை பிழைத்தால் அதனை நம்பிச் செய்த கணக்கு முழுவதும் பிழைத்துவிடும். துணி விற்கும் கடையிலும் நெல் அளக்கும் களத்திலும் நாம் நன்கறிந்த இவ்வுண்மை, கைத்தொலைபேசிக்கும் மின்மோட்டார் வண்டிக்கும் வலுவூட்டும் இலிதியம் அயன் மின்கலத்துக்கும் பொருந்தும். இம்மின்கலம் எவ்வளவு மின்னேற்றத்தைக் கொள்ளும், எத்தனை ஆண்டு உழைக்கும் என்பவற்றைப் பொறியியலாளர் எவ்வாறு அளந்தறிகின்றனர் என்பதை இவ்வுரையிலே நோக்குவோம்.

1991ஆம் ஆண்டில் ஜப்பானின் சோனி நிறுவனம் இவ்வகை மின்கலத்தை முதன்முதலாக விற்பனைக்கு விட்டது. இதற்கு அடிகோலிய குடெனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவரும் 2019இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பெற்றனர். இதன் ஒரு மின்வாய் பெரும்பாலும் பென்சிற்கரியால் ஆனது. நம் நாட்டிலே போகலையிலும் கஹட்டகஹவிலும் அகழப்படும் காரீயமும் இப்பொருளே. மின்னேற்றும்போது இலிதியம் அயன்கள் மற்றைய மின்வாயினின்று பெயர்ந்து பென்சிற்கரியின் படைகளுக்கிடையே குடிபுகும். மின்னை நாம் பயன்படுத்தும்போது வந்த வழியே மீளும்.

முதலில் அளக்கவேண்டியது கொள்ளளவு. 3 அம்பியர் மணி எனக் குறிக்கப்பட்ட மின்கலம், 1 அம்பியர் ஓட்டத்தை ஏறக்குறைய 3 மணித்தியாலம் வழங்கும் என்பது பொருள். ஆயினும் இவ்வெண் தனித்து நிற்பதன்று. பெரிய ஓட்டத்தை எடுத்தால், அகத்தடை காரணமாக மின்னழுத்தம் விரைவிலே கீழெல்லையைத் தொடும், குளிரிலும் அவ்வாறே. ஆகவே எந்த வெப்பநிலையில், எவ்வளவு ஓட்டத்தில், எந்த மின்னழுத்த எல்லைகளுக்கிடையே அளந்தது என்று கூறப்படாத கொள்ளளவு அரைகுறைச் செய்தியேயாகும்.

அடுத்து மின்னழுத்தத்தை அளக்கும் முறை. பல இலிதியம் மின்கலங்களை 4.2 வோல்ற்று வரை மின்னேற்றுவர். ஓட்டம் செல்லும் கம்பிகளிலேயே மின்னழுத்தத்தையும் அளந்தால் என்ன நேரும்? கம்பிகளினதும் இணைப்புகளினதும் தடை 0.05 ஓம் எனவும், ஓட்டம் 3 அம்பியர் எனவும் கொள்வோம். 0.15 வோல்ற்று வழியிலேயே வீழ்ந்துவிடும். மானி 4.2 எனக் காட்ட, மின்கலத்தில் உண்மையில் இருப்பது 4.05 மட்டுமே. இதனைத் தவிர்க்கவே, ஓட்டத்துக்கு இரண்டு கம்பிகளும் மின்னழுத்தத்தை அறிவதற்கு வேறிரண்டு கம்பிகளுமாக நான்கு கம்பிகளைப் பொறியியலாளர் பயன்படுத்துகின்றனர். பின்னைய இரண்டிலும் ஓட்டம் மிகச் சிறிதாதலின் வீழ்ச்சியும் புறக்கணிக்கத்தக்கது.

உள்ளே சென்றதும் வெளியே வந்ததுமான மின்னேற்றத்தை ஓட்டத்தையும் நேரத்தையும் கொண்டு கணக்கிடுவர். இங்கே சிறு வழு நாளடைவிற் பெருகும். ஓட்டமானி எப்பொழுதும் 10 மில்லியம்பியர் கூட்டிக் காட்டுமாயின், 100 மணித்தியாலத்தில் 1 அம்பியர் மணி பொய்க்கணக்கு ஏறிவிடும். 3 அம்பியர் மணி மின்கலத்துக்கு அது மூன்றிலொரு பங்கன்றோ!

ஆயுளை அளப்பதே யாவற்றினும் கடினமானது. ஒரு களஞ்சியத்தில் நெல்லைக் கொத்தால் அளந்து இடுகிறோம். பின்னர் அளந்தே எடுக்கிறோம். இடையில் எலி தின்றது பதினாயிரத்தில் ஒரு பங்கு. அளப்பதில் நேரும் வழுவோ நூற்றில் ஒரு பங்கு. எலியின் களவை அக்கொத்து எங்ஙனம் காட்டும்? மின்கலத்திலும் இத்தகைய எலி உண்டு. பென்சிற்கரியின் மேற்பரப்பில் மின்பகுபொருள் தாக்கமுற்று ஒரு மென்படலம் உண்டாகிறது. ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவு இலிதியம் அதிலே சிறைப்பட்டு, மீண்டும் பயன்படாதொழிகிறது.

எளிய கணக்கொன்று பார்ப்போம். இட்டதில் 99.9 வீதம் ஒவ்வொரு சுற்றிலும் திரும்பினால், 1000 சுற்றுகளின் பின் எஞ்சுவது ஏறக்குறைய 37 வீதம். 99.99 வீதம் திரும்பினால் எஞ்சுவது 90 வீதம். உண்மையான மின்கலத்திலே வேறு பக்கத் தாக்கங்களும் உளவாதலின் கணக்கு இத்துணை நேரானதன்று. எனினும், நெடுநாள் உழைப்பதையும் விரைவில் ஓய்வதையும் வேறுபடுத்துவது பத்தாயிரத்தில் ஒன்பது பங்கு என்பது தெளிவு. ஆயிரத்தில் ஒரு பங்கு வழுவுடைய கருவிக்கு இவ்விரண்டும் ஒன்றே.

கனடா நாட்டின் ஹலிபாக்ஸ் நகரிலுள்ள டல்ஹவுசிப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் ஜெஃப் டானும் அவர்தம் மாணாக்கரும் இக்குறையை நீக்க முனைந்தனர். மாறாத ஓட்டத்தைத் தரும் மூலங்கள், நேரத்தையும் மின்னழுத்தத்தையும் நுணுகி அளக்கும் கருவிகள், வெப்பநிலை தளம்பாத அடைப்புகள் ஆகியவற்றைச் சேர்த்து, பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேறுபாட்டை இனங்காணும் ஏற்பாட்டை ஆக்கி, 2010ஆம் ஆண்டளவில் முடிவுகளை வெளியிட்டனர். இதனால், எந்த மின்பகுபொருள் சிறந்தது என்பதை ஆண்டுக்கணக்கிற் காத்திராமல் சில வாரங்களிலேயே ஒப்பிட்டறிய வழி பிறந்தது.

வேறொரு காரணத்தாலும் இது வேண்டப்பட்டது. மின்கலத்தை இடையறாது ஏற்றியும் இறக்கியும் சில மாதங்களில் 1000 சுற்றுகளை முடித்துவிடலாம். வண்டி வாங்கியவரோ அச்சுற்றுகளைப் பல ஆண்டுகளில் முடிப்பார். மென்படலம் வளர்வது சுற்றுகளால் மட்டுமன்று, காலத்தாலும் வெப்பத்தாலுமே. அவசரச் சோதனையில் தேறிய மின்கலம் வண்டியிலே தோற்பதற்கு இதுவுமொரு காரணம்.

வண்டியின் விலையிற் பெரும் பங்கு மின்கலவடுக்குக்கே உரியது. கடன்பட்டு அதனை வாங்கும் குடும்பம், விற்பவர் கூறும் எண்ணை நம்பியே பணத்தைக் கொடுக்கிறது. எனவே, இத்தனை ஆண்டு உழைக்கும் என்று ஒருவர் உறுதி கூறினால், எந்த வெப்பநிலையில், எவ்வளவு ஓட்டத்தில், எத்துணைக் காலம் வைத்துப் பார்த்த முடிவு அது என்று கேட்டறிதல் வேண்டும். வெப்பம் மிகுந்த நம் நாட்டிலே, 25 பாகை செல்சியசில் அளந்த ஆயுள் அவ்வாறே கிட்டுமென எதிர்பார்த்தலாகாது. பொருளை வாங்குமுன் அதனை அளந்த கோலையும் பார்ப்பதே அறிவுடைமையாகும்.