கூழாங்கற்களுக்கு எண் கொடுத்த பேராசிரியர்
சதைப்பற்றுச் செடிகளின் கதை – 9

டெஸ்மண்ட் கோல் ஜோகன்னஸ்பர்க் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க மொழிகளின் பேராசிரியராக இருந்தவர். செட்ஸ்வானா மொழிக்கு அவர் எழுதிய இலக்கணம் 1955-இல் வந்தது. அவர் பெயரை இன்று செடி வளர்ப்பவர்களிடம் சொல்லிப் பாருங்கள். இலக்கணம் யாருக்கும் நினைவுக்கு வராது. "என்கிட்ட கோல் நம்பர் போட்ட செடி இருக்கு" என்பார்கள்.

அந்தச் செடி லித்தாப்ஸ். நம் நர்சரிக்காரர்கள் 'லிவிங் ஸ்டோன்' என்று விற்பது இதைத்தான். 1811-இல் தென்னாப்பிரிக்காவின் பிரீஸ்கா அருகே வில்லியம் பர்ச்செல் என்ற பயணி விநோதமான கூழாங்கல் என்று நினைத்து ஒன்றைக் கையில் எடுத்தார், பார்த்தால் செடி! நூறாண்டு கழித்து, 1922-இல்தான் என்.ஈ. பிரவுன் இந்தப் பேரினத்துக்கு லித்தாப்ஸ் என்று பெயரிட்டார்.

தடித்த இரண்டு இலைகள், நடுவே ஒரு பிளவு. வெளியே தெரியும் செடி அவ்வளவுதான். உடம்பில் பெரும்பகுதி மண்ணுக்குள் புதைந்திருக்கும். இலையின் தட்டையான மேற்பரப்பில் ஒளி புகும் பகுதிகள் உண்டு. வெயில் அதன் வழியே இறங்கி, மண்ணுக்கடியில் இருக்கும் பச்சையத்தைப் போய்ச் சேரும். மேலே உள்ள நிறமும் கோலமும் சுற்றியுள்ள கற்களை ஒத்திருக்கும். ஒரே வகைச் செடி ஓரிடத்தில் சாம்பலாகவும், கல்லின் நிறம் மாறும் இன்னோரிடத்தில் செம்பழுப்பாகவும் இருப்பதுண்டு.

இதனால்தான் எந்தச் செடி எங்கிருந்து வந்தது என்பது முக்கியமாகிறது. கோலும் அவர் மனைவி நவ்ரீனும் பல பத்தாண்டுகள் தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் கல் தரைகளில் குனிந்தபடியே அலைந்தார்கள். ஓரிடத்தில் கூட்டமாக வளரும் செடிகளுக்கு ஓர் எண். எந்த ஊரிலிருந்து எந்தத் திசையில் எத்தனை கிலோமீட்டர் என்ற குறிப்பு அதோடு சேரும். வாத்தியாரின் வருகைப் பதிவேடு போல அந்தப் பட்டியல் நானூறைத் தொட்டது. அதில் 304-ஆம் எண், அவர் 1980-இல் மனைவி பெயரால் அறிவித்த லித்தாப்ஸ் நவ்ரீனியே. 1994-இல் வேறு இருவர் ஒரு புதிய இனத்துக்குக் கோல் தம்பதியின் பெயரைச் சூட்டினார்கள்.

ஓய்வு பெற்றவருக்குப் பொழுது போக வேண்டுமே என்று தொட்டி வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள் உண்டு. கோல் செய்தது பொழுதுபோக்கு இல்லை. ஆளாளுக்கு வைத்திருந்த எத்தனையோ பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்து, ஒன்றையே பலவாக எண்ணியவற்றைச் சேர்த்து, பட்டியலைச் சுருக்கினார். 1988-இல் அவருடைய லித்தாப்ஸ் நூல் வந்தது. எண்பதைத் தாண்டிய வயதில், 2005-இல், மனைவியோடு சேர்ந்து அதை விரிவாக்கி மறுபடி கொண்டுவந்தார்.

அதைவிடப் பெரிய காரியம், எண்ணோடு விதைகளும் உலகெங்கும் பரவியது. விதை கிடைத்தால் காட்டில் செடியைப் பிடுங்க வேண்டியதில்லை. லித்தாப்ஸின் உறவான கோனோஃபைட்டத்தை அண்மைக் காலத்தில் ஆயிரக்கணக்கில் தோண்டிக் கடத்துகிறார்கள். அதைப் பார்க்கும்போதுதான் அந்த விதைப் பொட்டலத்தின் மதிப்பு புரிகிறது.

வளர்க்க ஆசையா? விதையிலிருந்து பூக்க ஏறக்குறைய மூன்று ஆண்டு பொறுக்க வேண்டும். மஞ்சளோ வெள்ளையோ, பூ அந்தப் பிளவிலிருந்து எழுந்து பிற்பகலில் விரியும். தன் மகரந்தத்தால் தானே காய்க்காது, இன்னொரு செடி பக்கத்தில் வேண்டும். பூத்து ஓய்ந்ததும் பழைய இலைகளின் நீரை உறிஞ்சிக்கொண்டு புது ஜோடி உள்ளிருந்து வரும். அப்போது தண்ணீர் ஊற்றினால் பழைய இலை காயாது, செடி கெட்டுவிடும். மணலும் சிறு கல்லும் மிகுந்த மண்கலவை, நல்ல வெளிச்சம், மழை படாத இடம். சென்னை போன்ற புழுக்கமான ஊரில் வேர் அழுகல்தான் முதல் எதிரி. வாடுகிறதே என்று இரக்கப்பட்டு ஊற்றுகிறவர்களிடம்தான் இது அதிகம் சாகிறது.

விதை வாங்கும்போது இனப் பெயரும் எண்ணும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். முளைத்த பிறகும் அந்தச் சீட்டைத் தொட்டியிலேயே செருகி வையுங்கள். பெயரில்லாத பொட்டலத்தின் மேல் பளிச்சென்ற நீல நிற லித்தாப்ஸ் படம் போட்டு ஆன்லைனில் விற்கிறார்கள். வாங்காதீர்கள். அப்படி ஒரு செடி கிடையாது.