பழைய வீடு மூச்சு விடட்டும்!

"எங்க தாத்தா கட்டின வீடுங்க. சித்திரை வெயில்லகூட உள்ளே நுழைஞ்சா ஜில்லுன்னு இருக்கும். இப்ப என்னடான்னா சுவரெல்லாம் ஓதம்... பேத்திக்கு ஓயாத வீசிங்!" - இப்படி அலுத்துக்கொள்பவர் உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். ஒருவேளை அது நீங்களாகவேகூட இருக்கலாம்!

தாத்தா மேல் பழி போடாதீர்கள். நடுவில் நாம் செய்த 'ரிப்பேர்'தான் பெரும்பாலும் வினையாகிறது.

பழைய வீட்டின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்தது. ஒன்றரை அடி கனம் இருந்தால், வெயில் அதைத் தாண்டி உள்ளே வரவே பல மணி நேரம் ஆகும். மேலே 'மெட்ராஸ் டெரஸ்'. அதாவது தேக்கு விட்டங்களின் மேல் சின்னச் செங்கற்களை நிறுத்தி அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், கடைசியாகத் தட்டோடு. வெயிலுக்கு இதைவிட நல்ல தடுப்பு வேறென்ன வேண்டும்?

ஈரம் மட்டும்தான் வில்லன். அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, மண்ணின் ஈரம் சுவரில் சுமார் மூன்றடி வரை ஏறும். ஏறினாலும், சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காற்றில் உலர்ந்துவிடும். இதைத்தான் சுவர் 'மூச்சு விடுகிறது' என்கிறோம்.

அந்தச் சுவரில் சிமென்ட் பூசி, பிளாஸ்டிக் பெயின்ட் அடித்து, தரையில் பளபள டைல்ஸும் ஒட்டினால்? வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் உயரே ஏறும். உப்புப் பூக்கும், பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை படரும்.

ஈரமும் பூஞ்சையும் உள்ள வீட்டில் வசிப்பவர்களுக்கு இருமல், மூச்சிரைப்பு, ஆஸ்துமா தொல்லைகள் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டி நூல் சொல்கிறது. மருந்து கொடுத்துக்கொண்டே இருக்கிறோம், சுவரை மட்டும் கவனிப்பதில்லை!

ஈரம் எங்கிருந்து வருகிறது?

ஒரு அடிச் சதுர பாலிதீன் தாளைச் சுவரிலோ தரையிலோ நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் இருந்தால், ஈரம் சுவரிலிருந்தோ தரையிலிருந்தோ வருகிறது. வெளிப்பக்கம் இருந்தால் அறைக்காற்றில்தான் ஈரம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், துணியை உள்ளே காயப்போடாதீர்கள்.

என்ன செய்யலாம்?

* முதலில் தண்ணீர் வரும் வழியை அடையுங்கள். கசியும் குழாய், உடைந்த மழைநீர்க் குழாய், சுவரை ஒட்டிக் குவிந்த மண் எல்லாவற்றையும் சரிசெய்தபின்தான் பூச்சு வேலை.

* சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுத்து, சுவரை நன்றாக உலரவிட்டு, சுண்ணாம்புக் காரை பூசி, சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்பு வேலை பழகிய கொத்தனாராகத் தேடுங்கள்.

* தரையைப் பெயர்ப்பதாக இருந்தால், அடியில் கனமாக ஜல்லி பரப்புங்கள். ஜல்லியின் இடைவெளி ஈரம் மேலே ஏறுவதைத் தடுக்கும். அதன்மேல் சுண்ணாம்பு-செங்கல் ஜல்லிக் கலவை போட்டு, சுட்ட மண் ஓடு பதிக்கலாம்.

* வெயிலை வீட்டுக்கு வெளியிலேயே நிறுத்துங்கள். மொட்டை மாடிக்கு வெள்ளை, மேற்குச் சுவருக்குச் சற்றுத் தள்ளி மூங்கில் தட்டியோ கொடிப் பந்தலோ போதும். பகலில் ஜன்னலை மூடி, இரவில் திறந்து வையுங்கள்.

* குளிர்ச்சிக்காகச் சுவரின் உள்பக்கம் தெர்மாகோல் பலகை அடிக்கவே வேண்டாம். கனச் சுவரின் குளுமை உங்களுக்குக் கிடைக்காமல் போகும், பின்னால் பூஞ்சை வளரும். தீப்பிடித்தால் நச்சுப்புகை வேறு!

வேலை நடக்கும்போது ஜாக்கிரதை!

பழைய கதவு, ஜன்னல் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். வீட்டு பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். என்ற வரம்பு நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. உலரச் சுரண்டினால் பறக்கும் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நனைத்துச் சுரண்டச் சொல்லுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வேண்டாம்.

கொல்லைப்புறத்தில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் உடைக்கவோ துளைபோடவோ கூடாது. அதன் இழைகள் நுரையீரலுக்கு ஆபத்து.

கல் சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டால் கொதிக்கும். கண்ணில் தெறித்தால் கசக்காமல், 20 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, உடனே கண் டாக்டரிடம் ஓடுங்கள்.

பூஞ்சையை உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள். மாஸ்க் போட்டு, சோப்புத் தண்ணீர் நனைத்த துணியால் துடையுங்கள். வீசிங் உள்ளவர் இந்த வேலைக்கு வரவே கூடாது.

சுவர் சரியானதும் இன்ஹேலரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இன்று ராத்திரியே பாலிதீன் தாளை ஒட்டிவிடுங்கள். சுவர் மூச்சு விட்டால்தான் பேத்தியும் நிம்மதியாக மூச்சு விடுவாள்!