கோடரியால் ஆகாத காரியம்

காரைக்குடிக்குப் போகிறவர்கள் செட்டிநாட்டு மாளிகைகளைக் கண்டு அதிசயித்துத் திரும்பிவிடுகிறார்கள். அருகிலுள்ள சிறுவயல் கிராமத்தை விசாரிப்பார் அதிகமில்லை. ராஜ்யமிழந்த பாஞ்சாலங்குறிச்சி வம்சம் கடைசியாக அடைக்கலம் புகுந்த இடம் அதுதான்.

1799 அக்டோபர் 16-ந் தேதி கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட கும்பினியார், அவருடைய கோட்டையை இடித்துப் பாளையத்தையும் பறித்துக்கொண்டனர். தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில் கிடந்தார். 1801 பிப்ரவரி 2-ந் தேதி அவர் தப்பி வந்ததும், சில தினங்களுக்குள் மண்கோட்டை மறுபடி எழுந்தது. மார்ச் 31-ந் தேதி கும்பினிப் படை அதைத் தாக்கித் தோற்றது. பின்னர் கர்னல் அக்னியூ பெரும் படையுடன் வந்தார். பீரங்கிகளுக்கு மண்சுவர் ஈடுகொடுக்கவில்லை. மே 24-ந் தேதி கோட்டை விழுந்தது. ஊமைத்துரை சிறுவயலுக்கு வந்து மருது சகோதரர்களுடன் சேர்ந்தார்.

அடைக்கலம் கொடுத்தவர்கள் சாமான்யர்களா? 1772-ல் காளையார்கோவில் யுத்தத்தில் கணவரைப் பறிகொடுத்த வேலு நாச்சியார், 1780-ல் சிவகங்கைச் சீமையை மீட்டபோது உடன் நின்ற வீரர்கள் அல்லவா? அன்று கைகூடிய காரியம் 1801-ல் ஏன் கைகூடவில்லை?

அன்று ஹைதர் அலியின் மைசூர் பின்பலமாக நின்றது. 1799 மே 4-ந் தேதி திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்த பிறகு அந்தத் துணை இல்லை. அண்டையிலிருந்த எட்டயபுரமும் புதுக்கோட்டையும் கும்பினிக்கே உதவின. 1801 ஜூன் 16-ந் தேதி சின்ன மருது திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டுவித்த அறிக்கை, சகல ஜாதியாரையும் ஒன்றுபடும்படி அழைத்தது. ஜனங்கள் திரண்டார்கள், அரசர்கள் அசையவில்லை.

அப்படியும் காடு காப்பாற்றியது. சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்கு வழி வெட்ட முயன்ற வெள்ளைக்காரப் படை, ஒரு மாத காலம் மரம் வெட்டிக் களைத்து, வேலையைக் கைவிட்டது. அப்பொழுதுதான் அக்னியூ வேறோர் ஆயுதத்தை எடுத்தார். சிவகங்கை அரசவம்சத்து உறவினரான படமாத்தூர் கௌரி வல்லபத் தேவருக்கு, செப்டம்பர் 12-ந் தேதி சோழபுரத்தில் சீமையின் அதிபதி என்று மரியாதை செய்வித்தார்!

சூழ்ச்சியின் நுட்பத்தைக் கவனியுங்கள். நாச்சியார் உரிமையுள்ள ராணி; மருதுகளோ பிரதானிகள். 1780-ல் வாளும் வம்சப் பெயரும் ஒரே பக்கத்தில் இருந்தன. 1801-ல் அந்தப் பெயரைக் கும்பினி தன்வசமாக்கிக்கொண்டது. ராஜபக்தியுள்ள குடிகளின் மனம் இரண்டுபட்டது. மருதுகளின் பக்கத்திலிருந்து பலர் விலகினார்கள்.

அக்டோபர் 1-ந் தேதி காளையார்கோவில் வீழ்ந்தது. 24-ந் தேதி மருது சகோதரர்கள் திருப்பத்தூரிலும், நவம்பர் 16-ந் தேதி ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியிலும் தூக்கிலிடப்பட்டார்கள். இன்னும் பலர் 1802-ல் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள்.

அவர்களிடம் வீரத்துக்குக் குறைவில்லை. ஒரு மாதம் வெட்டியும் வழிவிடாத காடு அது. நம்மவர் ஒருவருக்குச் சூட்டிய பட்டம் பத்தொன்பதே நாளில் வழி திறந்துவிட்டது.