பழைய லேண்ட் ரோவரில் புதிய வானொலி

பகாங் மாநிலத்தின் கேமரன் மலைக்குச் செல்பவர்களின் கண்ணில் தேயிலைச் செடிகளுக்கு அடுத்தபடியாக அதிகம் படுவன பழைய லேண்ட் ரோவர் வண்டிகள். ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் ஆகிய ஊர்களின் சாலையோரங்களிலும் காய்கறித் தோட்டங்களின் மண்பாதைகளிலும் அவற்றைக் காணலாம். சாயம் வெளிறி, கதவு நெளிந்து, இருக்கை கிழிந்திருந்தாலும் அவை இன்னும் உழைக்கின்றன. முட்டைக்கோசுக் கூடைகளையும் உர மூட்டைகளையும் சுமக்கின்றன. சுற்றுலாப் பயணிகளைப் பிரிஞ்சாங் மலையுச்சிக்கு ஏற்றிச் செல்கின்றன.

லேண்ட் ரோவர் முதன்முதலாக 1948ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் அறிமுகமானது. போருக்குப் பின் பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு இருந்ததால், அதன் மேற்கூட்டை அலுமினியக் கலவையால் செய்தனர். ஓயாத மழையிலும் பனிமூட்டத்திலும் அந்த அலுமினியம் எளிதில் துருப்பிடிக்கவில்லை. வண்டி இத்தனை காலம் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால், உழவருக்காகச் செய்யப்பட்ட அவ்வண்டியில் வானொலிக்கென்று ஓர் இடத்தை யாரும் ஒதுக்கவில்லை.

ஆகவே, மின்னல் எஃப்எம் கேட்டுக்கொண்டே மலையேற விரும்பும் உரிமையாளர், கடையில் ஓர் ஒலிச்சாதனத்தை வாங்கித் தாமே பொருத்த முனைகிறார். இன்றைய மகிழுந்தில் இது அரை மணி நேர வேலை. பழைய லேண்ட் ரோவரில் அப்படியன்று. அவசரப்பட்டால் சாதனம் கருகும். இன்னும் அவசரப்பட்டால் வண்டியே தீப்பற்றும்.

முதலில் பார்க்க வேண்டியது மின்கலத்தை. எல்லா வண்டிகளிலும் மின்கலத்தின் ஒரு முனை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். இதனைப் புவி இணைப்பு என்பர். இன்றைய வண்டிகளில் சட்டத்தோடு இணைவது எதிர்முனை. ஆனால், 1960களின் பிற்பகுதி வரை வெளிவந்த பெரும்பாலான லேண்ட் ரோவர்களில் நேர்முனையே சட்டத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. இன்றைய ஒலிச்சாதனத்தின் உலோக உறையோ எதிர்முனையோடு இணைந்தது. அந்த உறை நேர்முனைச் சட்டத்தைத் தொட்டதும் குறுக்குச்சுற்று ஏற்படும். உறையின்மேல் இரப்பரைச் சுற்றிவிட்டால் போதும் என்று சிலர் எண்ணுவதுண்டு. வானலை வாங்கியின் வெளிக்கம்பியும் அதே உறையோடு இணைந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். வாங்கியைக் கூரையில் திருகியவுடன் அதே விபத்து நேரும்.

இதற்குத் தீர்வு, வண்டியையே எதிர்முனைப் புவி இணைப்புக்கு மாற்றுவது. மின்கலத்தின் முனைகளை மாற்றியபின், டைனமோவுக்கு ஒரு கணம் மின்சாரம் கொடுத்து அதன் காந்தமுனைகளையும் மாற்ற வேண்டும். பற்றவைப்புச் சுருளின் இரு கம்பிகளையும், மின்னோட்டமானியின் கம்பிகளையும் இடம் மாற்ற வேண்டும். டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் பொருத்தப்பட்ட வண்டியில் மின்கலத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டால், அதனுள் இருக்கும் டையோடுகள் நொடியில் எரிந்துவிடும். எனவே, வண்டியில் இருப்பது எது என்று அறியாமல் கை வைக்கக் கூடாது. இப்பகுதியை அனுபவமுள்ள பட்டறைக்காரரிடம் விடுவதே நல்லது.

இராணுவத்தில் தகவல் தொடர்புக் கருவிகளுக்காகச் செய்யப்பட்ட லேண்ட் ரோவர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. அவற்றில் இரண்டு 12 வோல்ட் மின்கலங்கள் தொடராக இணைந்து 24 வோல்ட் தரும். ஒலிச்சாதனத்துக்குத் தேவையோ 12 வோல்ட். இரண்டில் ஒரு மின்கலத்திலிருந்து மட்டும் கம்பி இழுப்பது எளிதாகத் தோன்றும். அப்படிச் செய்தால் ஒரு மின்கலம் தொடர்ந்து குறைவாகவும், மற்றொன்று தேவைக்கு மிஞ்சியும் மின்னேற்றம் பெறும்; இரண்டும் விரைவில் கெடும். 24 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்கும் மாற்றியைப் பயன்படுத்துவதே சரியான வழி.

அடுத்து, சாதனத்தின் பின்னால் தொங்கும் வண்ணக் கம்பிகள். கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான சாதனங்களில் கறுப்பு, புவி இணைப்புக்கு உரியது. மஞ்சள், எப்போதும் மின்சாரம் உள்ள கம்பி. கடிகாரத்தையும் நிலையங்களின் நினைவையும் காப்பது அதுவே. சிவப்பு, சாவியைத் திருகினால் மட்டுமே மின்சாரம் பெற வேண்டியது. பழைய வண்டியில் சரியான இணைப்பைத் தேடச் சோம்பல்பட்டு, சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாக முறுக்கிவிடுபவர் பலர். இதன் விளைவை ஒரு சிறு கணக்குக் காட்டும். நினைவைக் காக்க மட்டும் சாதனம் 0.02 ஆம்பியர் இழுக்கிறது என்று கொள்வோம். ஒரு நாளைக்கு அது 0.48 ஆம்பியர்-மணி. 60 ஆம்பியர்-மணி மின்கலத்துக்கு அது பொருட்டே அல்ல. இரு கம்பிகளும் ஒன்றாகி, அணைக்க மறந்த சாதனம் இரவு முழுதும் 3 ஆம்பியர் இழுத்தால், 10 மணி நேரத்தில் 30 ஆம்பியர்-மணி போய்விடும். பாதி காலியான பழைய மின்கலம் டீசல் இயந்திரத்தைச் சுழற்றப் பெரிதும் திணறும். விடியற்காலையில் காய்கறியைச் சந்தைக்கு அனுப்ப வேண்டியவருக்கு, பாட்டின் விலை அன்றைய வருமானமாகிவிடும்.

மஞ்சள் கம்பியை மின்கலத்திலிருந்தே நேராக இழுத்து, மின்கலத்துக்கு மிக அருகில் ஒரு மின்னுருகியைப் பொருத்த வேண்டும். அறுபதாண்டுப் பழைய கம்பிகளின் துணியுறை உதிர்ந்திருக்கும். அவற்றின்மேல் புதிய சுமையை ஏற்றுவது ஆபத்து. உருகியைக் கம்பியின் மறுமுனையில் வைத்தும் பயனில்லை. இடையில் கம்பி உராய்ந்து சட்டத்தைத் தொட்டால், உருகிக்கு முன்னரே தீ பிடித்துவிடும். தகட்டில் துளையிட்டுக் கம்பியைச் செலுத்தும் இடங்களில் இரப்பர் வளையம் கட்டாயம் தேவை. மண்பாதையின் அதிர்வில் கூரிய தகட்டு விளிம்பு கத்தியைப் போல் அறுக்கும்.

கறுப்புக் கம்பியைக் கைக்கு எட்டிய அலுமினியத் தகட்டில் திருகிவிடுவதும் வழக்கமான தவறு. எஃகுத் திருகாணியும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் அலுமினியம் அரித்து வெண்பொடியாகும், இணைப்புத் தளரும். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் கேமரன் மலையில் இதற்கு நீண்ட காலம் ஆகாது. கறுப்புக் கம்பியையும் மின்கலத்தின் எதிர்முனை வரை கொண்டு செல்வதே உறுதியானது.

பெட்டியின்மேல் ‘50 வாட் x 4’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. சாதனத்தின் பின்புறமுள்ள மின்னுருகி 10 ஆம்பியர் என்றால், 12 வோல்ட்டில் அது தொடர்ந்து இழுக்கக்கூடியது ஏறத்தாழ 120 வாட்டே. 120 வாட் வாங்கி 200 வாட் கொடுக்க எந்தக் கருவியாலும் இயலாது. ஒரு வகையில் இது நல்லதே. பழைய டைனமோ ஏறத்தாழ 20 ஆம்பியர்தான் தரும். இயந்திரம் மெதுவாக ஓடும்போது அதுவும் கிடைக்காது. பனிமூட்டத்தில் முன்விளக்குகளும் மழைத்துடைப்பானும் இயங்கும் வேளையில் பாட்டுக்கு மிஞ்சுவது கொஞ்சமே.

சாதனத்தை எங்கே வைப்பது? வழக்கமான சாதனத்தின் முகப்பு 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. பழைய முகப்புப் பலகையை வெட்டித் துளைப்பது வண்டியைச் சிதைப்பதாகும். பலகையின் கீழே ஒரு தாங்கியில் தொங்கவிடலாம். இரு இருக்கைகளுக்கும் நடுவே மரப்பெட்டி செய்து அதற்குள்ளும் வைக்கலாம். இருக்கைக்குக் கீழுள்ள தகட்டுப் பெட்டியில் மட்டும் சோதிக்காமல் துளையிடவே கூடாது. பல லேண்ட் ரோவர்களில் எரிபொருள் தொட்டி இருப்பது அங்கேதான். துளைக்கருவியின் முனை தொட்டியைத் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒலிபெருக்கிகளைக் கதவில் பதிக்க இயலாது. கதவு மிக மெல்லியது, மழைநீரும் அதன் வழியே இறங்கும். மூடிய சிறு பெட்டிகளில் அமைந்த ஒலிபெருக்கிகளைக் காதுக்கு அருகில், கூரையை ஒட்டி வைப்பது நல்ல பலன் தரும். காகிதக் கூம்புகள் ஈரத்தில் உப்பிவிடும். நெகிழிக் கூம்புகள் தாங்கும்.

எல்லாம் முடிந்தபின் வானொலியில் படபடவென்று இரைச்சல் கேட்கலாம். பெட்ரோல் வண்டியானால், தீப்பொறிச் செருகிகளுக்குச் செல்லும் கம்பிகளிலிருந்து எழும் மின்காந்த அலைகள் அதற்குக் காரணமாக இருக்கலாம். மின்தடை கொண்ட கம்பிகளை மாற்றினால் அது அடங்கும். டீசல் இயந்திரத்தில் தீப்பொறியே இல்லாததால் இந்தத் தொல்லையும் இல்லை. ஆனால், ரிங்லெட்டுக்குக் கீழே ஒரு வளைவில் திரும்பியதும் பாட்டு மங்கினால், அதற்குச் சாதனத்தைக் குறை கூற முடியாது. எஃப்எம் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. கோபுரத்துக்கும் வண்டிக்கும் இடையே மலை நின்றால் அவை வலுவிழக்கும். அதனால்தான் பலர் பாடல்களை யூஎஸ்பியில் பதிவுசெய்து எடுத்துச் செல்கின்றனர்.

தேயிலைத் தோட்டச் சாலைகள் பல இடங்களில் ஒரே ஒரு வண்டி செல்லும் அகலமே கொண்டவை. பனி இறங்கிய வளைவில் எதிரே வரும் வண்டியைக் கண் காண்பதற்கு முன் காதே அறியும். அத்தகைய இடங்களில், கண்ணாடியை இறக்கிவிட்டு ஒலியைச் சற்றே குறைத்துக்கொண்டால், மறுபுறத்தில் ஏறிவரும் வண்டியின் ஹாரன் தெளிவாகக் கேட்கும்.