அரசியல் அறிவியல் மாணவருக்குக் கிராம சபையில் என்ன வேலை?

அக்டோபர் 2 கிராம சபை நெருங்குகிறது. களப்பணியை அதிலேயே முடித்துவிடலாமா, யாரிடம் கையெழுத்து வாங்குவது என்று மாணவர்களும் பெற்றோரும் எழுதிக் கேட்கிறார்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 கட்டமைப்பு, சமூக ஈடுபாட்டில் 30 மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட் என்கிறது. இது நேரத்தை அளக்கிறது, கற்றதை அளக்கவில்லை. குளம் தூர்வாருவது நல்ல வேலை. ஆனால் அதற்கான பணம் யார் ஒப்புதலில் வந்தது என்று கேட்காமல் திரும்பினால் அது அரசியல் பாடம் ஆகாது.

ஊராட்சி வாக்காளர் பட்டியலில் உள்ள எல்லாரும் கிராம சபை உறுப்பினர்கள். ஆகவே சொந்த ஊரில் வாக்குரிமை பெற்ற மாணவர் அங்கே உதவ வந்த விருந்தாளி இல்லை. கேள்வி கேட்கும் உரிமை உள்ளவர். முதலில் அவர் தலைகளை எண்ணட்டும். தமிழ்நாட்டில் 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்குக் குறைவெண் வரம்பு 100. 10,000 வரை 200. அதற்கு மேல் 300. வந்து உட்கார்ந்தவர்கள் எத்தனை, பதிவேட்டில் கையெழுத்து எத்தனை?

பிறகு ஒரே ஒரு தீர்மானத்தைப் பின்தொடர வேண்டும். அது என்ன ஆனது என்று 10 ரூபாய்க் கட்டணத்துடன் தகவல் உரிமை மனு போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். 15 வாரப் பருவத்துக்குள் முதல் மேல்முறையீட்டுக்கும் நேரம் இருக்கிறது. பதில் வந்தாலும் வராவிட்டாலும் வகுப்பில் அதை அலச வேண்டும். அந்த அலசலுக்குத்தான் மதிப்பெண் தர வேண்டும். 28 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாத சபையில் யார் பதில் சொல்கிறார் என்று பார்த்த மாணவருக்கு அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் தானாகவே புரியும்.

ஒரு கவலை உண்டு. கேள்வி கேட்பவரின் குடும்பம் அதே ஊரில்தான் வாழ்கிறது. தலித் குடியிருப்பிலிருந்து வரும் மாணவி எழுந்து பேசுவதற்குக் கொடுக்கும் விலை மற்றவர்களுக்கு இல்லை. அத்தகைய இடங்களில் ஆசிரியரே தம் பெயரில் மனு போட வேண்டும்.

என்எஸ்எஸ் மணி நேரம் சேருமா? கல்லூரி முடிவு செய்யும். பாடத்தோடு தொடர்பில்லாமல் சேர்ப்பது தவறு.

வெளியூர் மாணவர் போகலாமா? கவனிக்கலாம், தீர்மானத்தில் பங்கில்லை.

நகரவாசிகள்? பகுதி சபைக்குப் போகலாம்.

கட்சிப் பிரச்சாரம் கணக்கில் வருமா? வரக் கூடாது.